மாப்பிள்ளையின் தூக்கம்

பெண் வீட்டுக் கூடத்தில் வைரவநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து, தம் மகன் இளமாறனின் பெருமையை அவிழ்த்துவிட்டார்.

"சாஃப்ட்வேர் டீமுக்கே இவன்தான் லீடுங்க. ராப்பகலாத் தூங்காம வேலை பாப்பான். ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டான்."

பெண்ணின் தந்தை திருமேனிக்கு முகம் வாடிவிட்டது. "இந்தக் காலத்துலயா? ராத்திரி வேலை பாக்குற லீடுகிட்ட இருந்து கம்பெனியே டீமைப் பிடுங்கிடுதே! வேலையைப் பிரிச்சுக் கொடுக்கத் தெரியாதவருக்கு எப்படிங்க பொண்ணைக் கொடுக்கிறது?" என்றவர், பெண்ணை வெளியே அழைத்துவர வேண்டாம் என்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

"அப்பா, உள்ளதைச் சொல்லிடுங்க," என்று இளமாறன் கெஞ்சினான்.

தம் வம்சத்தில் ஒரு தூங்குமூஞ்சி பிறந்திருப்பதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதா? வைரவநாதனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வந்த சம்பந்தம் தட்டிப்போனால் அது அதைவிடப் பெரிய தலைகுனிவு.

"நான் சொன்னது பொய்ங்க. இவன் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துடுவான். சாப்பிட்டுப் படுத்தா, இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்."

திருமேனியின் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து பெண் நறுமுகையின் குரல் வந்தது. "அவர் டீம்ல மத்தவங்க?"

"அவங்களும் நல்லாத் தூங்குறாங்கம்மா," என்ற வைரவநாதன் மீசையை முறுக்கிக்கொண்டார். "அத்தனை பேரையும் தூங்க வச்சது எம் மகன்தான்!"