எட்டுக் கோப்பைகள்

பெட்டியைக் கதவோரம் நிறுத்திவிட்டு அவள் உட்கார்ந்தாள். அதன் கைப்பிடியில் மகளிர் விடுதி ஒன்றின் அட்டை தொங்கியது. அறை எண் பாதி அழிந்திருந்தது.

"ஒரு வழியா கிளம்பிட்டீங்க போல," என்றாள் டாரட் சீட்டில் பலன் பார்ப்பவள். "ஜெராக்ஸ் கடை அக்காதானே? போன வருஷம் வந்தீங்க."

"ஆமா. ஒரு கேள்வி கேட்டேன்."

"கிளம்பலாமா, பொறுத்துக்கிட்டு இருக்கலாமா. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைத்தான் கேக்கறாங்க."

அங்கே கேள்வியை மட்டும்தான் சொல்ல வேண்டும். பெயர், கதை எதுவும் கூடாது. கதையைக் கேட்டால் கை தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பாள் சீட்டு பார்ப்பவள்.

"எட்டுக் கோப்பை வந்துச்சு. அதை எடுங்க."

சீட்டு பார்ப்பவள் சீட்டுக்கட்டிலிருந்து தேடி எடுத்தாள். அடுக்கிய எட்டுக் கோப்பைகளை விட்டுவிட்டு, ஒருவன் முதுகைக் காட்டியபடி மலையை நோக்கி நடந்துபோகிறான். நேராக வந்தால், விட்டுப் போ. தலைகீழாக வந்தால், போகாதே, பொறுத்திரு.

"உங்களுக்குத் தலைகீழா வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

வந்தவள் சீட்டை வாங்கினாள். படத்தின் தலை மேற்புறம் இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப நீங்க வழக்கமாத் திருப்பற மாதிரி திருப்புங்க."

சீட்டு பார்ப்பவள் கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் புரட்டினாள், நாள்காட்டித் தாளைப் புரட்டுவதுபோல. படத்தில் இருந்தவன் தலைகீழாகத் தொங்கினான்.

வந்தவள் மறுபடியும் அதேபோல் கவிழ்த்து வைத்தாள். "இப்ப புத்தகப் பக்கம் மாதிரி. பக்கவாட்டுல."

அவன் நேராக நடந்துபோனான்.

கீழே தையல் கடையில் ஒரு மெஷின் ஓடி நின்றது.

"இருபது வருஷமா முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுக்கறேன். தாளை மேலருந்து கீழ புரட்டிப் போட்டா பின்பக்கம் தலைகீழாத்தான் விழும். அன்னைக்கு உங்க கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். உறைக்கல. இன்னைக்குக் காலையில ஒரு சான்றிதழ் நகல் எடுக்கறப்பதான் உறைச்சுது."

வாடிக்கையாளரிடம் மெஷின் கோளாறைச் சொல்லும் குரல். கோபம் இல்லை.

சீட்டு பார்ப்பவள் சிரித்தாள். "அப்ப பத்து வருஷமா ஊர்ல எல்லாரோட தலையெழுத்தையும் நான் தலைகீழா வாசிச்சிருக்கேங்கறீங்க."

வந்தவள் சிரிக்கவில்லை. சீட்டின் விளிம்பை மேசையின் விளிம்போடு ஒட்டி நேராக்கினாள்.

"சரிக்கா, தப்புன்னே வச்சுக்குவோம். அப்ப உங்க சீட்டு நேர்தான். கிளம்புன்னுதான் சொல்லியிருக்கு. ஒரு வருஷம் வீணாப் போச்சு, அவ்வளவுதானே. பெட்டியும் கையுமா வந்துட்டீங்க. திரும்பிப் பார்க்காம போங்க."

"நான் எங்க போறது? என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்."

சீட்டு பார்ப்பவளின் கை சீட்டுக்கட்டின் மேல் நின்றது.

"அப்ப யாருக்குக் கேட்டீங்க?"

"என் பொண்ணுக்கு. புருஷன் வீட்டுலயே இருடின்னு சொன்னேன். அவளும் இருந்தா."

எழுந்துபோய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அடக்கம் முடிஞ்சதும் இதைக் கொடுத்துவிட்டாங்க."