பாரச் சத்தம்

“டேங்க் காலியாத்தான் இருக்கும். ஆனா நிறைஞ்ச மாதிரியே சத்தம் வரணும், மூணாக்கா. முடியுமா?”

மருந்தடிக்கும் ட்ரோனைக் கடைவாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஊரார் மூணாக்கா என்று கூப்பிடும் மெக்கானிக் துயெனிடம் லுவான் கேட்டான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. சட்டைத் தோளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மருந்துக் கறை என்று துயென் நினைத்தாள்.

அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய கோபம் கிளம்பியது. போன போகத்தில் அவர்கள் வயலுக்கு மருந்தடித்தவன் இவன்தான். அடித்த பிறகும் புகையான் பூச்சி விழுந்து பாதி நெல் வைக்கோலாகிப் போனது. அதற்கப்புறம்தான் அவள் இந்த ட்ரோன் பழுதுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மீகாங் ஆற்று வெள்ளம் வடிந்ததும் மறுபடி விதைக்க வேண்டும். இந்தத் தடவையும் பயிர் போனால், நிலத்தை விட்டுவிட்டு சைகோனுக்குப் பெட்டி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

விடிகாலைப் பனியில் வரப்பில் நிற்கிறவர்களுக்கு மருந்து கண்ணில் தெரியாது. பாரம் ஏறினால் இறக்கை வேகமாகச் சுற்றும், சத்தம் கூர்மையாகும்; டேங்க் தீரத் தீரச் சத்தம் இறங்கும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் மருந்தைக் காதால்தான் அளந்தார்கள்.

அந்தக் காதுக்கே இவன் குல்லா போடப் பார்க்கிறான்.

“தண்ணிய ஊத்திப் பறக்க விடேன். சத்தம் தானா வரும்” என்றாள்.

“பாரத்தோட பேட்டரி நிக்க மாட்டேங்குதுக்கா. கொஞ்ச நேரத்துல இறக்க வேண்டியிருக்கு. இறக்கினா போச்சு.”

“என்ன போச்சு?”

அவன் வாயைத் திறந்தான். ஒரு நீளமான கொட்டாவிதான் வந்தது.

“என்னடா, ராத்திரியெல்லாம் குடியா?”

“குடிச்சாலாவது தூங்கியிருப்பேன்.”

ஊஞ்சல் வலையில் கிடந்த முதலாளி கண்ணைத் திறக்காமலே குரல் கொடுத்தார். “வந்த வேலைய செய்யும்மா. நீ மெக்கானிக்கா, போலீஸா?”

வாக்குவாதம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி, ட்ரோனைக் கயிற்றில் கட்டி எழுப்பினாள். இறக்கையில் ஒட்டிய வெள்ளிப் பட்டையில் கை மீட்டரின் ஒளி பட்டுத் திரும்பியது; இறக்கை சுற்றும் வேகத்தை மீட்டர் காட்டியது. இதுதான் பாரத்தின் வேகம்.

தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி எழுப்பினாள். எண் சடசடவென்று இறங்கியது. சத்தமும் சோர்ந்து போனது.

“இது இல்லக்கா” என்றான் லுவான்.

“எனக்குத் தெரியும். வாய மூடிட்டு உக்காரு.”

வழியும் அவளுக்குத் தெரிந்ததுதான். இறக்கையைச் சின்னதாக்கினால், காலி ட்ரோனைத் தூக்கவே மோட்டார் பறந்து பறந்து சுற்றியாக வேண்டும். ஒரு அளவு குறைத்து மாட்டினாள். போதவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சின்னதை மாட்டினாள்.

இந்தத் தடவை மீட்டரில் பழைய எண் வந்து நின்றது. போன போகத்தில் வரப்பில் நின்று கேட்ட அதே சத்தம். டேங்கில் சொட்டு கிடையாது.

லுவான் கண்ணை மூடிக் கேட்டான். சுவரில் சாய்ந்தவன் அப்படியே தரைக்குச் சரிந்தான். “இதேதான்! நீங்க நல்லா இருக்கணும்க்கா.”

துயென் ட்ரோனை அணைத்தாள். இறக்கைகள் நின்றதும் திருப்புளியைக் கையிலெடுத்தாள்.

“ஐயோ, ஏன்க்கா கழட்டுறீங்க?”

“எங்க வயலையும் இப்படித்தான் காலி டேங்கோட சுத்திக் காட்டினியா? நாங்க வரப்புல நின்னு காது குளிரக் கேட்டோம். புகையானும் கேட்டு ரசிச்சுட்டுத்தான் உக்காந்துது போல.”

ஊஞ்சல் வலை ஆடாமல் நின்றது. முதலாளி கண்ணைத் திறந்துவிட்டார்.

“சத்தியமா இல்லக்கா! அன்னிக்கு முழு டேங்க் அடிச்சேன்.”

“அப்ப இது எந்த வயலுக்கு? சொல்லு. இல்லன்னா வாய்க்கா ரெண்டு கரையிலயும் நானே போய்ச் சொல்லுவேன். அப்புறம் ஒருத்தன் உன்னைக் கூப்பிட மாட்டான்.”

“வயலெல்லாம் வெள்ளத்துக்குள்ள கிடக்கு. இப்ப எங்கக்கா மருந்தடிக்க? எங்க வீட்டுக்குப் பின்னாடி, வாய்க்கா மேல சும்மா நிறுத்தி வைக்கத்தான்.”

“அங்க என்ன விளையுது?”

லுவான் முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “சிரிக்கக் கூடாது. இந்தச் சத்தத்தை போன்ல பிடிச்சுப் போட்டும் பாத்தாச்சு. ஏமாற மாட்டேங்குறா.”

“யாருடா?”

“எம் பொண்ணுக்கா. போன போகத்து மருந்தடிப்பு நேரத்துல பொறந்தவ. ட்ரோன் கத்தாம தூங்க மாட்டேங்குறா.”