காசு வேண்டாத இட்லி

“புள்ள, தொப்பிக்காரன் ஒருத்தன் இங்கதான் வர்றான். அடுப்ப அணை! சட்டிய மறை!”

ஐயாசாமி கிசுகிசுத்தான். ரெங்கம் ரயிலடிக்கு எதிரே, மரத்தடியில் நாலு கம்பு நட்டுக் கீற்று வேய்ந்த கொட்டகைதான் அவனும் வெள்ளையம்மாவும் நடத்தும் இட்லிக் கடை. லைசென்ஸ் கிடையாது. ரப்பர் விலை படுத்துத் தோட்டத்தில் சீட்டுக் கிழிந்த பிறகு, நாகப்பட்டினம் கப்பலில் ஏறாமல் இந்த ஜோகூர் மண்ணில் அவர்களை நிறுத்தி வைத்திருந்தது அந்த இட்லிதான். போன வாரம்தான் சந்தைப் பக்கம் லைசென்ஸ் இல்லாத அப்பக்காரி ஒருத்தியின் பாத்திரங்களை அதிகாரிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் பாத்திரமும் போனால், அடுத்து கப்பல்தான்.

வெள்ளையம்மா அடுப்பை அணைக்கவில்லை. எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு, தொப்பி, கக்கத்தில் குடை. ரயிலை விட்டு இறங்கியவர் தெருவின் நடுவே நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கொட்டகையை நோக்கி வந்தார்.

“நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்” என்றாள் புருஷனிடம்.

தொப்பிக்காரர் வந்தார். உட்காரவில்லை.

“காலையில நெறைய பேரு வருவாங்களாம்மா?”

“வர்றவங்க வருவாங்க ஐயா.”

“உளுந்து எங்க வாங்குறீங்க? மாவு யாரு ஆட்டுறது?”

“நான்தான்.”

கேட்டுக்கொண்டே அவர் அடுப்பைக் குனிந்து பார்த்தார். தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணுகிறார் என்பது ஐயாசாமிக்கு நன்றாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கேஸ் போடப்போகிறான், பாவி!

அந்த நேரம் பார்த்துத்தானா மாட்டு வண்டிக்காரச் செல்லப்பன் சாப்பிட்டு எழ வேண்டும்? கையைக் கழுவி, மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினான்.

தொலைந்தோம் என்று ஐயாசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

“என்னண்ணே இது? ஆத்தா பேரச் சொல்லிப் போடுற இட்லிக்குக் காசு குடுப்பாங்களா? மடியிலயே வைங்க” என்றாள் வெள்ளையம்மா.

செல்லப்பன் திருதிருவென்று விழித்தான். “காசு வேணாமா?”

“ஆடி மாசம்ல! இவரு காய்ச்சல்ல கெடந்தப்ப, பொழைச்சு எந்திரிச்சா பசிச்சவங்களுக்கு இட்லி போடுறேன்னு மாரியாத்தாவுக்கு நேந்துகிட்டேன்.”

தனக்குக் காய்ச்சல் வந்த சேதியே ஐயாசாமிக்கு அப்போதுதான் தெரியும். இருந்தாலும் முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டான்.

தொப்பிக்காரர் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். “அம்மனுக்கு நேர்ந்ததா? இன்னிக்கு மட்டுமாம்மா?”

ஆமாம் என்று ஐயாசாமி தலையாட்டப் போனான். அவள் முந்திக்கொண்டாள்.

“ஒரு நாளு போட்டா கடன் தீருமா ஐயா? அடுத்த ஆடி வரைக்கும் தெனமும்தான். நீங்களும் ரெண்டு சாப்பிடுங்க.”

ஐயாசாமி மனசுக்குள் அவளைத் திட்டினான். இன்னிக்கு மட்டும் என்று சொல்லித் தொலைத்தால் போதாதா? நாளைக்கும் வந்து பார்த்தால் என்ன செய்வது? இவளுக்கு வாய் நீளம்!

தொப்பிக்காரர் இலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட முகம் தொங்கிப்போயிற்று.

“இப்படி மெத்துனு இருக்கு. இதப் போயி சும்மா போடுறீங்களே?”

“ஆத்தா திருப்பிக் குடுத்த உசுரு ஐயா.”

அதற்குள் சேதி ரயிலடி முழுக்கப் பரவிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள், தண்டவாள வேலைக்காரர்கள், வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்து மொய்த்தார்கள். வெள்ளையம்மா முகம் கோணாமல் அத்தனை பேருக்கும் போட்டாள். தொப்பிக்காரர் கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தையே வெறித்தார். பிறகு தெருவைக் கடந்து, எதிரே ரயிலடியை ஒட்டிப் பூட்டிக் கிடந்த கடை வாசலில் நின்றுகொண்டிருந்த சீன முதலாளி தவுக்கேயிடம் ஏதோ பேசினார்.

“அக்கம்பக்கத்துல விசாரிக்கிறான் புள்ள! எல்லாம் முடிஞ்சிச்சு!”

“சும்மா இருங்க.” அவள் குரலும் இப்போது லேசாக நடுங்கியது. கண் மட்டும் எதிர்ப்பக்கத்தை விட்டு அகலவில்லை.

தொப்பிக்காரர் கையை விரித்தார். தவுக்கே ஏதோ கத்தினார். தொப்பிக்காரர் திரும்பிப் பாராமல் ரயிலடிக்குள் போய், வந்த ரயிலில் ஏறிவிட்டார். ரயில் புகை மறையும்வரை ஐயாசாமி மூச்சுவிடவில்லை.

“அப்பாடா, போயிட்டான்! ஆனா ஆட்டுன மாவெல்லாம் போச்சு. ஆத்தா பேர்ல பொய் வேற சொல்லிட்ட.”

“என்ன பொய்? இன்னிக்குக் காசு வாங்காமதானே போட்டேன்? மிச்சத்த ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள்.

“எங்க போற?”

“தவுக்கேகிட்ட. அவரோட காலிக் கடைய நம்ம கேட்ட வாடகைக்கு இப்பக் குடுத்திடுவாரு. சுவரு வச்ச கடைன்னா லைசென்ஸும் கெடைக்கும்.”

“உனக்குப் பைத்தியமா? அதிகாரி வந்துட்டுப் போன அன்னிக்கா கடை புடிப்ப?”

வெள்ளையம்மா நின்று திரும்பினாள்.

“எந்த அதிகாரி? அது குளுவாங்ல ரெண்டு இட்லிக் கடை வச்சிருக்குற தங்கராஜு. நமக்கு எதிர்ல மூணாவது கடை தொறக்க இன்னிக்குச் சாவி வாங்க வர்றாருன்னு தவுக்கே நேத்தே சொன்னாரு. ஆத்தா சும்மா போடுற எடத்துல எவன் வந்து இட்லிய காசுக்கு விப்பான்?”