முதல் போன் யாருக்கு?

"ஸ்டெப்னி எங்க?"

இதை முதலில் கேட்டது மனைவியா, கணவனா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்தான். நினைவை நம்பிச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு பேரும் காரின் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றதும், மாற்றுச் சக்கரம் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு பழைய குடை மட்டும் கிடந்ததும் நிச்சயம்.

முன் டயர் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. ஒட்டுப் போட்டுச் சமாளிக்கிற ஓட்டை இல்லை. ஆற்றோரச் சாலை. கண்ணுக்கு எட்டிய தூரம் கடை கண்ணி கிடையாது. அவள் நர்ஸ், மாலை டூட்டிக்குப் போயாக வேண்டும்.

"சர்வீஸுக்கு விட்டோமே, அங்கதான் அடிச்சிருக்கானுங்க," என்றான் அவன்.

"மாத்திடுவானுங்கன்னு பயந்து, என் நெயில் பாலிஷை எடுத்து வால்வு பக்கத்துல பொட்டு வச்சு அனுப்பினீங்களே! அந்த ரோஸ் கலர் இப்ப கடையிலயே கிடைக்கல. கடைசியில பொட்டு வச்ச பொண்ணையே தூக்கிட்டுப் போயிட்டானுங்க."

"டிக்கியிலயும் கை வச்சிருக்கானுங்க. பாரு, தூசி துரும்பு இல்ல."

"அது எங்கப்பா துடைச்சது. போன மாசம் அவர் வண்டி ரிப்பேர்னு இதை வாங்கிட்டுப் போனாரே, பளபளன்னு திருப்பிக் கொடுத்தார். நீங்க ஒரு நாள் துடைச்சிருக்கீங்களா?"

டயர் வெடித்த இடத்திலும் அப்பா வந்துவிட்டார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் போனை எடுத்தாள்.

"உங்கப்பாவுக்கா?"

"வேற யாருக்கு?"

"வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

அவன் கட்டட வரைபடம் வரைகிறவன். ஊரார் வீடுகளுக்கு வாசல் எங்கே, சுவர் எங்கே என்று தீர்மானிப்பவன். தன் வீட்டுக்குள் மட்டும் மாமனார் எந்த வழியாக நுழைகிறார் என்று அவனுக்குப் பிடிபட்டதேயில்லை. குழாய் ஒழுகினால் அப்பா. காய்ச்சல் என்றால் அப்பா. அவளுக்கு வார்டு பொறுப்பு கிடைத்த செய்திகூட முதலில் அப்பாவுக்குத்தான் போயிற்று. இவன் காதுக்கு வந்தபோது ஆறிப்போயிருந்தது. முதலில் என்னிடம் சொல்லேன் என்று வாய்விட்டுக் கேட்டால் சின்னத்தனம். கேட்காவிட்டால் நெஞ்சுக்குள் புழுக்கம்.

சில மாதங்களாகத்தான் காற்று அவன் பக்கம் திரும்பியிருந்தது. குழாய்க்கு அவனே வாஷர் வாங்கி மாட்டினான். அவளுக்குத் தலைவலி என்றால் அவளுக்கு முன்னால் மாத்திரை வந்து நின்றது. மாமனார் வீட்டுக்குப் போகிற போன் குறைந்துகொண்டே வந்தது. இன்று ஒரு டயர் எல்லாவற்றையும் கவிழ்க்கப் பார்க்கிறது.

அவன் டயர் கடையைக் கூப்பிட்டான். விடுமுறை. நண்பனைக் கூப்பிட்டான். "ஊர்லயே இல்லடா." இழுவை வண்டிக்காரர், "இருட்டிடும் சார், பரவாயில்லையா?" என்றார். வழியில் போன ஒரு வேன்காரர் நிறுத்தி, இறங்கி, டயரைச் சுற்றி வந்து, "ஸ்டெப்னி இல்லாம யாராச்சும் வண்டி எடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆற்றில் ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. வளைவில் தட்டி, சுழன்று, நெடுநேரம் அங்கேயே நின்றது. இருவரும் அதைப் பார்ப்பதுபோல் நின்றார்கள்.

"லேட்டானா என் பேர்லதான் எழுதுவாங்க. உங்க ரோஷத்து மேல எழுத மாட்டாங்க," என்றாள் அவள், கடைசியில். "கூப்பிடவா?"

அவன் ஆற்றைப் பார்த்துத் தலையாட்டினான்.

மாமனார் வந்த வேகத்தைப் பார்த்தால், செருப்பைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் போலிருந்தது. கிடங்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஸ்டெப்னி இல்லாமயா கிளம்புவாங்க? பரவாயில்ல, ரெண்டு வண்டிக்கும் ஒரே சைஸ்தான். என்னுதை மாட்டிக்கலாம். டிக்கியில மேலயே கிடக்கு, உருட்டிட்டு வாங்க. நான் ஜாக்கி வைக்கிறேன்."

"எங்கப்பான்னா எங்கப்பாதான்!" என்றாள் அவள்.

அவன் மாமனாரின் டிக்கியைத் திறந்தான். கயிறு, தார்ப்பாய், கிரீஸ் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே சக்கரம். அதைத் தூக்கியவன், தூக்கிய வாக்கிலேயே நின்றான்.

"என்ன மாப்பிள்ளை, கனமா இருக்கா?"

"இல்ல மாமா."

அவன் திரும்பிப் பார்த்தான். கிழவர் மண்ணில் முழங்காலிட்டிருந்தார். மகள் அவருக்குக் குடை பிடித்திருந்தாள். "நீ கூப்பிட்டு எத்தனை நாளாச்சும்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பரிசு வாங்கிய பையனைப் போல முகம் மலர்ந்திருந்தது.

அவன் கிரீஸ் டப்பாவுக்குள் கட்டைவிரலை விட்டான். பிறகுதான் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஐயோ, கையெல்லாம் மசி! என்ன பண்ணீங்க?"

"சும்மா... துரு பிடிக்காம இருக்கட்டும்னு." சக்கரத்தை மாமனார் பக்கம் சாய்த்துவிட்டுச் சொன்னான்: "இனிமே எதுன்னாலும் முதல்ல உங்கப்பாவையே கூப்பிடு."

அவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அவள் டூட்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள். மாமனார் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். மருமகன் எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் கட்டைவிரல் மசி இரண்டு நாளைக்குப் போகவில்லை. மாமனாரின் டிக்கியில் கிடந்த சக்கரத்தில், வால்வுக்குப் பக்கத்தில் இருந்த ரோஸ் பொட்டை, மனைவியின் கண்ணில் படுவதற்குள் அந்த விரலால்தான் அவன் மூடியிருந்தான்.