இரண்டு மரியபுஷ்பம்

முத்துப்பேச்சி கதவைச் சங்கிலி விடும் அளவுக்கு மட்டும் திறந்து, வெளியே நின்ற நர்ஸ் மரியபுஷ்பத்தின் முகத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்தாள். திரையிலும் மரியபுஷ்பம்தான் இருந்தாள். அதே மூக்குத்தி, அதே நீலச் சேலை. வியர்வை மட்டும் இல்லை.

“பிள்ளையக் கொண்டா பேச்சி. அடுத்த தெருவுல தட்டம்மை வந்திருக்கு. இன்னைக்கு ஊசி போட்டே ஆகணும்.”

“போன்ல இருக்க இந்த நர்சம்மா ஊசி வேண்டாங்காங்களே.”

“அது நான் இல்லட்டி. எவனோ என் மூஞ்சிய வச்சு கம்ப்யூட்டர்ல செஞ்ச பொம்மை.”

“அதையும் சொல்லிட்டாங்க. என்னைய மாதிரியே ஒருத்தி ஊசி மருந்து ஐஸ் பெட்டியோட வருவா, என்னையவே பொம்மைன்னு சொல்லுவா, கதவத் திறக்காதேன்னாங்க.” முத்துப்பேச்சியின் குரல் தணிந்தது. “தினமும் பேசுதாங்க. பிள்ளை பால் குடிச்சானான்னு கேக்காங்க. நீங்க மாசத்துக்கு ஒருநாள் வாரீங்க. எங்க, பிள்ளை பேரைச் சொல்லுங்க பாப்போம்.”

மரியபுஷ்பத்துக்கு உடனே வரவில்லை. இந்தத் தெருவில் மட்டும் எத்தனை பிள்ளைகள்.

“இசக்கிராஜா” என்றாள் திரையில் இருந்தவள், கொஞ்சுவதுபோல. பழகிய குரலைக் கேட்டு உள்ளே குழந்தை சிரித்தது.

முத்துப்பேச்சி கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி மரியபுஷ்பத்தின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட விரல்களை முகர்ந்து பார்த்தாள். பிறகு கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“யக்கா, இவங்க கன்னம் சுடுது. வேர்வை வாடை அடிக்கி. இப்ப நான் என்ன செய்ய?”

திரையில் இருந்தவள் யோசித்தாள். பதிலுக்காக மரியபுஷ்பமும் காத்து நின்றாள்.