ஆட்டுப் பாட்டின் கடைசி அடி

பஸ்ஸில் தன் குரலைத் தானே கேட்டால் எந்தப் பாட்டுக்காரனுக்கும் மனசு குளிர்ந்துபோகும். முருகையாவுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ். டிரைவரின் கெசட்டில் சினிமாப் பாட்டெல்லாம் ஓடி முடிந்ததும் அவன் பாட்டு வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காணாமல் போன ஆட்டைப் பற்றி அவனே கட்டி, அவனே பாடியது.

‘ஆட்டைக் கொண்டுபோன ஆளு, அது யாருன்னு சொல்லவா…’

டக்கென்று நின்றது. ரீல் முடிந்துவிட்டது.

“இந்தக் கெசட்ட எங்க அடிச்சீங்க?”

“றஹீம் நானா கடையிலதான். நான் லிஸ்ட் எழுதிக் குடுத்தது சினிமாப் பாட்டு மட்டுந்தான். கடைசியில இதையும் ஒட்டி விட்டுட்டாரு. எப்பப் போட்டாலும் இந்த எடத்துல நின்னுருது. பெரிய கழுத்தறுப்பு!”

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற முருகையா பாடகனானதற்கு ரேடியோதான் காரணம். ஐரோப்பாவில் ஒரு பாட்டு இத்தனை ஆயிரம் விற்றால் தங்கத் தட்டு, இன்னும் கூட விற்றால் பிளாட்டினத் தட்டு என்று ஒருநாள் அறிவிப்பாளர் சொல்லப்போக, இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஐரோப்பாக் கண்டத்துக்கே ஆயிரக்கணக்கு என்றால், ஊவா மாகாணத்துக்கு நூறு போதும் என்று இவனாகவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டான்.

“தங்கத் தட்டுல என்னத்தப் போட்டுத் திங்கப் போற, ரொட்டியா?” என்றாள் மனைவி லெட்சுமி.

“அந்தத் தட்டு இல்ல புள்ள. இசைத்தட்டு. செவுத்துல மாட்டுறது.”

“தீவாளிக்குள்ள நூறும் விக்கலேன்னா?”

“அப்புறம் பாடவே மாட்டேன். சாமி சத்தியம்.”

சத்தியம் செய்யும்போது சுகமாகத்தான் இருந்தது. பாடிப் பதிந்த நூறு கெசட்டையும், பதுளையில் கேட்ட பாட்டைக் கெசட்டில் அடித்துக் கொடுக்கும் றஹீம் நானாவின் ரெக்கோடிங் பாரில் அடுக்கி, தங்கத் தட்டுக் கதையையும் சொல்லிவிட்டு வந்தான். ஒன்றுகூடப் போகவில்லை. எப்படிப் போகும்? வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு காம்பராவில் பாட்டுப் போட்டால் பத்துக் காம்பராவுக்கும் கேட்கும். அப்புறம் எவன் காசு கொடுத்து வாங்குவான்? தூசி படிந்து கிடந்த கெசட்டுகளை ஒருமுறை பார்த்தவன், வெட்கப்பட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டான்.

இப்போது தீபாவளி நெருங்கிவிட்டது. அதோடு பாட்டை விட்டுவிட வேண்டும். இந்த நேரம் பார்த்து இப்படியா?

பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேரே கடைக்குள் பாய்ந்தான்.

“நானா! நீங்க ஒரு கள்ளன்!”

கோபத்திலும் ‘நீங்க’ மட்டும் விட்டுப்போகவில்லை. கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். றஹீம் நானா காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

“என்ன முருகையா, வரக்குள்ளயே ஏச்சு?”

“எம் பாட்ட ஊரான் கெசட்டுல எல்லாம் ஓசியில அடிச்சுக் குடுக்குறீங்க. குடுக்கறதுதான் குடுக்குறீங்க, முழுசாவாச்சும் குடுத்தீங்களா? கழுத்த அறுத்துல்ல அனுப்புறீங்க!”

“ஓ, நான்தான் அறுத்த.”

மனுஷர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. முருகையா அலுமாரியைப் பார்த்தான். அவன் கெசட்டுகள் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது.

“எங் கெசட்டெல்லாம் எங்க? குப்பையில கொட்டியாச்சா?”

நானா பதில் சொல்வதற்குள், கையில் பர்ஸோடு ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“நானா, தெமோதரையிலிருந்து வாறேன். அந்த ஆட்டுப் பாட்டு முழுக் கெசட்டு ஒண்ணு குடுங்க. ஆட்டக் கொண்டுபோனது பக்கத்துக் காம்பராக்காரன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. இல்ல, பூசாரிதான்னு அவரு தம்பி சொல்றாரு. இதுனால அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல!”

முருகையா வாயைப் பிளந்தான்.

“கேட்டியா?” என்றார் நானா. “எந்தக் கெசட்ல பாட்டு அடிச்சாலும் கடைசியில ரெண்டு மூணு நிமிஷம் மிஞ்சும். ஒன்ட பாட்டு ஏழு நிமிஷம். கள்ளன் ஆருன்டு சொல்ல முந்தி ரீல் முடிஞ்சிரும்ன்டு தெரிஞ்சுதான் போட்ட. அரைப் பாட்டப் போட்டேன்டு வாரவன் போறவன் எல்லாம் எனக்குத்தான் ஏசுறான். ஏசிட்டு, மிச்சத்தக் கேக்க ஒன்ட கெசட்ட வாங்கிட்டுப் போறான். லயத்துக்கு ஒண்டு, லயத்துக்கு ஒண்டுன்டு ஊவா முழுக்கப் போயிட்டு.”

மேசைக்கடியில் கைவிட்டு ஒரு கெசட்டை எடுத்தார்.

“தொண்ணூத்தி ஒம்பது போச்சு. இதுதான் நூறாவது. ஒன்ட தங்கத் தட்டு!”

பர்ஸைத் திறந்த பெண் முருகையாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அட, பாடுனது இந்த அண்ணனா? அப்ப நீங்களே சொல்லிருங்கண்ணே. ஆட்டக் களவெடுத்தது யாரு?”

“சொல்லிராத!” நானா பதறிப்போனார். “சொன்னா அவ கெசட் வாங்க மாட்டா!”

முருகையா கெசட்டைப் பார்த்தான். நானாவைப் பார்த்தான். தானே கட்டிய கடைசி அடி, இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல், நெஞ்சில் வந்து நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கள்ளன் என்று கத்தியது இத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கிறது. இதுவும் விழட்டும்.

“யாரும் களவெடுக்கல தங்கச்சி,” என்றான் உரத்த குரலில். “கள்ளன், கள்ளன்னு ஏசுனாங்களே, அந்த மனுசந்தான் குழியில விழுந்த ஆட்டத் தூக்கி, அத்தன ஏச்சையும் வாங்கிக்கிட்டு, புல்லுப் போட்டுக் காப்பாத்திக்கிட்டு இருந்தாரு.”

“அட, அம்புட்டுத்தானா?” அவள் பர்ஸை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். “அப்ப கெசட்டு வேணாம் நானா.”