நாலு பேர், காய்ச்சல் இல்லை

“பதினேழாம் நம்பர் வீட்டுல எத்தனை பேரு?” என்று கேட்டார், புதிதாக மாற்றலாகி வந்திருந்த மேற்பார்வையாளர்.

“நாலு பேரு, சார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. புழுவும் இல்லை.”

“பாக்காமலே சொல்றியே?”

“வாராவாரம் பாக்குற வீடாச்சே, சார்” என்றார் புழுக்காரர்.

வீடுவீடாகக் கொசுப்புழு தேடுகிற வேலை என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பழைய டயர்களோடு கப்பலேறி வந்திறங்கிய ஒரு வரிக்கால் கொசு, பட்டப்பகலில் கடித்து ஊரையே காய்ச்சலில் தள்ளிக்கொண்டிருந்த சமயம் அது. செவ்வாய்க்குச் செவ்வாய் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து, மாடித் தொட்டியிலிருந்து ஃபிரிட்ஜின் பின்தட்டு வரை பார்த்து, பதிவேட்டில் எழுதவேண்டும். கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையிலும் கையெழுத்துப் போடவேண்டும்.

முதல் வாரம் மட்டும் புழுக்காரர் வந்து தலைகளை எண்ணிக்கொண்டு போனார். பிறகெல்லாம் அடுத்த தெரு டீக்கடை பெஞ்சுதான். ஒரு டீ ஆறுவதற்குள் இருபத்து மூன்று வீட்டுப் புழுக்களையும் பேனாவாலேயே ஒழித்துவிடுவார். எந்த மருந்துக்கும் அந்த வேகம் கிடையாது. ஆனால் பதிவேட்டைச் சொன்னபடி கேட்கவைக்கலாம்; கதவுக்குப் பின்னால் தொங்குகிற அட்டையை என்ன செய்வது? ஒன்பது வாரம் காலியாகக் கிடப்பதை மேற்பார்வையாளர் பார்த்தால் இன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும்.

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேலைவெட்டிக்குப் போகிற நேரத்தில் ஒருவரும் போகவில்லை. புழுக்காரரைக் கண்டதும் ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள்.

“பரவாயில்லையே, தெருவே உனக்குப் பழக்கம்போல” என்றார் மேற்பார்வையாளர்.

பதினேழாம் நம்பர் கதவு, தட்டுவதற்கு முன்பே திறந்தது.

“வாங்க சார்” என்றாள் வீட்டுக்காரம்மா. “செவ்வாய்க்கிழமையாச்சே. உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்.”

“இவர் ஒழுங்கா வர்றாராம்மா?”

“ஒரு வாரம் தவறினதில்லை, சார்.”

புழுக்காரருக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம் போலிருந்தது.

கூடத்தில் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கண்ணைக் கசக்கினாள். மேற்பார்வையாளர் நேராகச் சமையலறைக்குப் போய்க் குடத்தைக் கவிழ்த்தார். காய்ந்து கிடந்தது. ஃபிரிட்ஜின் பின்தட்டும் அப்படியே. குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

“ஒரு சொட்டுத் தண்ணி இல்லையேம்மா.”

“நாங்க தண்ணி புழங்குறதில்லை, சார்.”

“பாத்துக்கோய்யா. இதுக்குப் பேருதான் சிக்கனம்.”

தண்ணீர்தான் இல்லை, கொசு இருந்தது. மேற்பார்வையாளர் கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று அடித்துக்கொண்டே இருந்தார். வரிக்கால் கொசு ஒன்று சிறுமியின் வெறுங்காலில் உட்கார்ந்தது. விலாசம் தப்பி வந்ததுபோல் உடனே எழுந்தது. நேராகப் பறந்து வந்து புழுக்காரரின் முழங்கையில் குத்தியது.

“காலண்டர்ல ரெண்டு மாசமா தேதி கிழிக்கலையே?” என்றார் மேற்பார்வையாளர்.

“எங்களுக்கு செவ்வாய் ஒண்ணுதான் கணக்கு, சார்.”

அவர் கதவை இழுத்து அட்டையைத் திருப்பினார். புழுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தால், அட்டையில் பத்துக் கையெழுத்துகள். பத்தும் அவருடையவை. டீக்கடை பெஞ்சு ஆடுவதால் கடைசி எழுத்தில் விழுகிற கோணல்கூட அச்சாக அப்படியே இருந்தது.

“உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்யா. மேலிடத்துக்கு உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதறேன். இந்த வாரத்தையும் போட்டுட்டு வா. கொசு பிடுங்குது” என்று மேற்பார்வையாளர் வெளியே போனார்.

புழுக்காரர் குரலைத் தாழ்த்தினார். “யாரும்மா இதுல என் கையெழுத்தைப் போட்டது?”

“நீங்கதான், சார். நீங்க அங்க எழுதினா இங்க விழுந்துடுது.” அவள் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். விரல் பட்ட இடம் சில்லென்றிருந்தது. “இந்த ஒரு வாரம் மட்டும் உள்ளதை எழுதிடுங்க.”

“உள்ளதுன்னா? எங்கயாவது புழு இருக்கா?”

“அது முதல் வாரமே மாடித் தொட்டியில இருந்துச்சு. முட்டி வலின்னு நீங்க ஏறலை.”

அவள் குரலில் கோபமே இல்லை.

வெளியிலிருந்து மேற்பார்வையாளர் கத்தினார்: “என்னய்யா, நாலு பேருன்னு போட்டியா?”

“ரெண்டாவது வாரமே நாங்க நாலு பேரும் காய்ச்சல்ல போயிட்டோம், சார், இந்தத் தெருவே போயிடுச்சு” என்றாள் வீட்டுக்காரம்மா. “நீங்கதான் செவ்வாய்க்குச் செவ்வாய் ‘நாலு பேர், காய்ச்சல் இல்லை’ன்னு எழுதி நிறுத்தி வச்சிடறீங்க... பாப்பா தூக்கம் வருதுன்னு அழறா, சார்.”